பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் காப்பீடு செல்லுமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குத்தாலத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் எங்கள் பூர்வீக ஓட்டு வீடு இருக்கிறது. அம்மா காலமான பிறகு, சென்ற ஆடி மாதத்திலிருந்து அது பூட்டியே கிடக்கிறது. நான் சென்னையிலும் தம்பி கோவையிலும் இருப்பதால் விற்றுவிடத் தீர்மானித்துத் தரகரிடம் சொல்லியிருக்கிறோம். இன்னும் விலை படியவில்லை. அம்மா பெயரில் எடுத்த தீ விபத்துக் காப்பீடு தை மாதம் வரை இருக்கிறது. பிரீமியம் கட்டியாகிவிட்டதால் அதுவரை கவலைப்பட வேண்டியதில்லை என்கிறான் தம்பி. அவன் சொல்வது சரியா?
– வாசகி, சென்னை

பதில்: தம்பி சொல்வதில் பாதிதான் சரி. பாலிசிதாரர் இறந்துவிட்டால் காப்பீடும் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அது உண்மையல்ல. உயில் மூலமாகவோ வாரிசுரிமை மூலமாகவோ சொத்து கைமாறினால் வழக்கமான தீக்காப்பீட்டு பாலிசி அதனால் முறிவதில்லை. இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் கொடுத்து, உங்கள் இருவர் பெயரையும் பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான சிக்கல் அந்தப் பூட்டில்தான் இருக்கிறது. நம் நாட்டில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள தீ மற்றும் சிறப்பு இடர்கள் பாலிசியில், கட்டடம் 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பீடு செயலற்றுப் போகும் என்று ஒரு நிபந்தனை உண்டு. சேதம் நேர்வதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்து, அதன் சம்மதத்தை எண்டார்ஸ்மென்ட்டாக, அதாவது பாலிசியோடு சேரும் எழுத்துபூர்வ மாற்றக் குறிப்பாக, ஏற்றிக்கொண்டால் மட்டுமே பாதுகாப்பு தொடரும். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்றாக வேண்டிய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியாக இருந்தாலும், விண்ணப்பத்தில் ‘நாங்களே குடியிருக்கிறோம்’ என்று சொல்லிவிட்டு, நிலைமை மாறிய பின் மௌனமாக இருப்பது ஆபத்துதான். ஆகவே உங்கள் பாலிசி எந்த வகை என்பதைப் பார்த்து, ஆளில்லாத வீடு பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள்.

தினமும் ஓர் அம்மாள் வந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுப் போகிறார், எனவே வீடு காலியாக இல்லை என்று சிலர் வாதிடுவதுண்டு. இரவில் யாரும் தங்காத, அடுப்பு எரியாத வீட்டைக் குடியிருப்பு என்று, சேதத்தை மதிப்பிட வரும் எந்தக் காப்பீட்டு சர்வேயரும் எழுத மாட்டார். அந்த அம்மாள் வருவது வேறு விதத்தில் உதவும்: வீட்டைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்று கடிதத்தில் குறிப்பிட்டால், நிறுவனம் சம்மதம் தருவது எளிதாகலாம். வீடு எந்தத் தேதியிலிருந்து காலியாக இருக்கிறது, விற்பனைக்காகக் காத்திருக்கிறது என்ற விவரம், சாவி யாரிடம் உள்ளது, மெயின் சுவிட்ச் அணைக்கப்பட்டுள்ளதா ஆகியவற்றை எழுதி, பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு, மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள். ஏஜென்டிடம் தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. கூடுதல் பிரீமியம் கேட்டாலும், மறுத்தாலும், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்துவிட்டால் வேறு நிறுவனத்தில் உண்மை நிலையைச் சொல்லியே புது பாலிசி எடுக்கலாம்.

இதையெல்லாம் ஐப்பசி அடைமழைக்கு முன் முடித்துவிடுங்கள். டெல்டாவில் பூட்டிய வீட்டுக்கு நெருப்பைவிட மழையும் காற்றும்தான் பெரிய பகை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் எத்தனை ஓட்டு வீடுகள் கூரையிழந்தன என்பது நம் பகுதியில் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புயலும் வெள்ளமும் பாலிசியில் அடங்கும். ஆனால் கரையானும் உளுப்பும் நாட்பட்ட தேய்மானமும் அடங்கா. ஆளிருக்கும் வீட்டில் ஓர் ஓடு விலகினால் அன்றைக்கே பாத்திரம் வைப்பார்கள், மறுநாள் ஏணி வைத்து ஏறுவார்கள். ஆளில்லாத வீட்டில் அந்த ஒரே ஓட்டின் வழியே இரண்டு மாதம் நீர் இறங்கி, ரீப்பர் இற்று, கைமரம் தொய்ந்து, முற்றத்தை ஒட்டிய தாழ்வாரமே சரிந்துவிடும். அப்போது அது புயலால் நேர்ந்ததா, பராமரிப்பின்மையால் நேர்ந்ததா என்பதே வழக்காகிவிடும். ஆகையால் மழைக்கு முன் ஓடு மாற்றி, அந்தக் கூலிக்கு ரசீது வாங்கி, கூரையின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் கீற்றுக் கொட்டகை இருந்தால் அதையும் தனியே தெரிவியுங்கள். ஓலைக் கூரையை ஓட்டுக் கூரையோடு சேர்த்து எண்ண மாட்டார்கள்.

கேள்வி: திருவாரூர் அருகே காலியாக உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டில் பூட்டை உடைத்து, மோட்டாரையும் பித்தளைக் குழாய்களையும் எடுத்துப் போய்விட்டார்கள். ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி இருக்கிறது. பணம் கிடைக்குமா?
– வாசகர், திருச்சி

பதில்: அடிப்படை பாலிசி மட்டும் இருந்தால் கிடைக்காது. தீ, புயல், வெள்ளம் போன்ற காப்பீடு செய்யப்பட்ட ஒரு நிகழ்வை ஒட்டி, அதன் விளைவாக, 7 நாட்களுக்குள் நடந்த திருட்டுக்கு மட்டுமே அதில் இடமுண்டு. சாதாரணமாகப் பூட்டு உடைத்துத் திருடுவதற்குக் கன்னக்களவுக் காப்பீட்டைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். ஆளில்லாத வீட்டுக்கு அதிலும் நாட்கணக்கு நிபந்தனை இருக்கும். அப்படி எடுத்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலுடன் உடனே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: மன்னார்குடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு 80 லட்சம் விலை சொல்லியிருக்கிறோம். காப்பீட்டையும் 80 லட்சத்துக்கே எடுக்க வேண்டுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். மனையைத் தீ எரிக்காது. அதே வீட்டை இன்று திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்பதே கணக்கு. உதாரணமாக 1,500 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகுமென்றால் 30 லட்சம் போதும். மீதி 50 லட்சத்துக்குக் கட்டும் பிரீமியம் வீண்.

கேள்வி: பாபநாசத்தில் உள்ள வீட்டுக்கு விற்பனை ஒப்பந்தம் எழுதி, அட்வான்ஸும் வாங்கிவிட்டோம். பத்திரப் பதிவுக்கு மூன்று மாதம் ஆகும். இனி காப்பீடு வாங்குபவர் பொறுப்புதானே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆவது பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் மட்டுமே சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. ஒப்பந்தத்துக்கும் ஒப்படைப்புக்கும் இடைப்பட்ட காலத்தில், சாதாரண விவேகமுள்ள உரிமையாளர் எவ்வளவு கவனம் எடுப்பாரோ அவ்வளவு கவனத்தோடு சொத்தைப் பேணும் கடமையை 55-ஆவது பிரிவு விற்பவர் மீதே சுமத்துகிறது. அதுவரை வீடு இடிந்தால் நட்டம் உங்களுடையது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு அவர் வந்து நிற்கவும் கூடும்.

பத்திரம் பதிவான பின் உங்கள் பாலிசி தானாக அவருக்குப் போகாது. விற்பனையோடு அது முடிந்துவிடும் என்பதால், அன்றிலிருந்து செல்லும்படி அவரையே புது பாலிசி எடுக்கச் சொல்லுங்கள். உங்களுடையதை எழுதிக் கொடுத்து ரத்து செய்தால், அது ஓராண்டுக்கு உட்பட்ட பாலிசியாக இருந்து, இடையில் கிளைம் எதுவும் கேட்காமல் இருந்தால், மீதி நாட்களுக்கான பிரீமியம் விகிதப்படி திரும்பக் கிடைக்கும்.