சம்பந்தியம்மாவுக்கு என்ன வாசிக்கக் கொடுக்கலாம்?

கேள்வி: என் மகளின் மாமியார் ஜேர்மன்காரர், லைப்சிக்கில் இருக்கிறார். கிழக்கு ஜேர்மனியில் பள்ளிக்கூடம் போனவர் என்பதால் அங்கே ருஷ்ய மொழிதான் படித்தார். ஓய்வு பெற்ற பிறகு மாலை வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் ஆங்கிலம் பழகியிருக்கிறார். வரும் கோடையில் எங்களோடு லண்டனுக்கு என் தம்பி வீட்டுக்கு வருகிறார். வாசித்தால் விளங்குகிறது, வாய் திறக்கத்தான் கூச்சம். என்ன சொல்லிக் கொடுக்கலாம், என்ன வாசிக்கக் கொடுக்கலாம், அக்கா?
— வாசகி ஒருவர், ஹம்

பதில்: முதலில் இலக்கணப் புத்தகத்தை மூடி வையுங்கள். ஜேர்மன் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் நிறையச் சொற்கள் ஏற்கெனவே பழக்கம். ஆனால் ஜேர்மன் வழக்கத்தை அப்படியே கொண்டுவந்தால் சிக்கலாகும் சில இடங்கள் இருக்கின்றன. பல வருடமாக ஜேர்மன்காரர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன்; பெரும்பாலும் எல்லாரும் தடுக்கி விழுவது அதே இடங்களில்தான்.

உங்கள் தம்பி வீட்டில் முதல் நாளே நடக்கப்போவதைச் சொல்கிறேன். தேநீர் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் ஜேர்மன்காரர் 'டாங்க' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். அதையே 'தேங்க் யூ' என்று சொன்னால், வேண்டும் என்று எடுத்துக்கொண்டு ஊற்றிவிடுவார்கள். நம் வீடுகளில் கேட்கவே வேண்டாம், தட்டில் இன்னொரு தோசையும் விழும். 'நோ, தேங்க் யூ' என்று முழுதாகச் சொல்லட்டும். அந்த 'நோ' மரியாதைக் குறைவு ஆகாது என்பதையும் சொல்லிவையுங்கள். பிறகு, ஒரு பொருளை நீட்டும்போது ஜேர்மனில் 'பிட்ட' என்பார்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'ப்ளீஸ்' பொருந்தாது, 'ஹியர் யூ ஆர்' என்பதே வழக்கம். சொன்னது காதில் விழாவிட்டால் 'சாரி?' போதும்.

அப்புறம் நேரம். ஜேர்மனில் 'ஹல்ப் ட்ரை' என்றால் 2.30. லண்டனில் 'ஹாஃப் த்ரீ' என்றால் 3.30. ஒரு மணி நேர வித்தியாசம்! 'டூ தர்ட்டி' என்றே பழக்குங்கள். எண்களிலும் இப்படித்தான்: 42ஐ ஜேர்மனில் இரண்டை முன்னுக்குப் போட்டுச் சொல்வார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் நாற்பதுதான் முதலில் வரும், எனவே இதைப் பழக்க நீங்களே நல்ல ஆள். தொலைபேசியில் விலைகளையும் பஸ் இலக்கங்களையும் ஆங்கிலத்தில் சொல்லுங்கள், அவர் எழுதட்டும். 'வி', 'டபிள்யூ' உச்சரிப்பைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம்.

வாசிப்புக்கு வருவோம். மியூனிக்கில் 1981இல் தொடங்கிய 'ஸ்பாட்லைட்' சஞ்சிகை ஜேர்மன்காரர்களுக்காகவே ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கடினமான சொற்களுக்கு ஜேர்மனில் பொருள் போட்டிருப்பார்கள். நகர நூலகத்தில் பழைய இதழ்கள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ரெக்லாம் பதிப்பகத்தை லைப்சிக்காரருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அந்தச் சின்ன நூல் வரிசை 1867இல் தொடங்கியதே அங்கேதான். மஞ்சள் அட்டை அவருக்குத் தெரிந்திருக்கும். அதே பதிப்பகத்தின் சிவப்பு அட்டை நூல்களில் மூல ஆங்கிலமும் பக்கத்தின் அடியில் சொற்பொருளும் இருக்கும். அவை சுருக்கி எளிமையாக்கிய நூல்கள் அல்ல, ஆகவே சிறுகதையாகப் பார்த்து எடுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப் பக்கம் ஜேர்மன் என்று வரும் நூல்களை என் வகுப்பில் நான் கொடுப்பதில்லை. கண் ஜேர்மன் பக்கத்துக்கே ஓடிவிடும்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். முதலில் மனதுக்குள், மறுபடி சத்தமாக. ஜேர்மன் தொலைக்காட்சியில் வெளிநாட்டுத் தொடர்கள் பெரும்பாலும் ஜேர்மன் குரலில்தான் வருகின்றன, ஆங்கிலம் காதில் விழுவதே குறைவு. அவர் ஏற்கெனவே பார்த்து ரசித்த தொடர் ஒன்றை ஆங்கிலக் குரலுக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், கதை தெரிந்திருப்பதால் பயம் இருக்காது. இன்னொன்று, உங்கள் பருப்புக்கறியின் செய்முறையை எளிய ஆங்கிலத்தில் நீங்களே எழுதி அனுப்புங்கள். சமைக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு வரியையும் கவனமாக வாசிப்பார்.

கூச்சம் போக வழி பேசுவதுதான். வாரம் ஒருமுறை தம்பியின் பிள்ளைகளோடு பத்து நிமிடம் பேசட்டும். பிள்ளைகளிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ஆன்ட்டி ஒரு சொல்லைத் தேடித் தடுமாறும்போது முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காமல், அவரே சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.