மார்ஃபின் கொடுக்க வலிக்காகக் காத்திருக்காதீர்கள்

செந்தூல் வாசகி ஒருவர் கேட்கிறார்: அப்பாவுக்கு 71 வயது. நுரையீரல் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. குடிக்கிற மார்ஃபின் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அதைக் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாரு" என்கிறார் அத்தை. வலி தாங்காதபோது மட்டும் கொடுத்தால் போதாதா?

போதாதம்மா. குடிக்கும் மார்ஃபின் வேலை செய்ய அரை மணி நேரமாகும்; நாலு மணி நேரத்தில் வேகம் இறங்கிவிடும். அப்பா முனகும்வரை காத்திருந்தால், ஏறிய வலியை அடக்க அதே அளவு பத்தாது. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. நடு இரவு வேளையை மருத்துவரிடம் கேளுங்கள். இடையில் வலித்தால் எவ்வளவு கூடுதலாகத் தரலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். கொடுத்ததை எல்லாம் நேரத்தோடு நோட்டில் குறியுங்கள். கூடுதல் வேளை ஒரே நாளில் 3 தடவையைத் தாண்டினால் அளவையே மாற்ற வேண்டும்.

விபரீதம் நடப்பது மில்லிகிராம், மில்லிலிட்டர் குழப்பத்தில். 5 மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் என்று புட்டியில் இருந்தால், 5 மில்லிகிராமுக்கு 2.5 மில்லிலிட்டர்தான். சீட்டிலுள்ள 5-ஐப் பார்த்து 5 மில்லிலிட்டர் ஊற்றினால் இரட்டிப்பு. தேக்கரண்டி வேண்டாம்; ஊசியில்லாத சிரிஞ்சு வாங்குங்கள். மருந்து கொடுக்கும் முகப்பில் இதைக் காட்டித்தர 3 நிமிடம் போதும். ஆனால் புட்டியை நீட்டிய கையோடு அடுத்த நம்பரைக் கூப்பிடுகிறார்கள். நகராதீர்கள். சிரிஞ்சில் பேனாவால் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள்.

குமட்டலும் தூக்க மயக்கமும் சில நாளில் தணியும். மலச்சிக்கல் தணியாது, மலமிளக்கியை முதல் நாளே தொடங்குங்கள்.

அத்தை சொல்வதில் ஒரே ஓர் இடத்தில் பொருளுண்டு: சிறுநீரகம். மார்ஃபினின் கழிவு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் கெட்டுப்போனால் கழிவு உடம்பில் தங்கும். கைகால் வெட்டி வெட்டி இழுக்கும், இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசுவார், எழுப்பினாலும் எழமாட்டார். நீரிழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும்; நம்மவர்களில் நீரிழிவு இல்லாத வீடு எங்கே? ஆகவே ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) எவ்வளவு என்று கேளுங்கள். கூடுதலாக இருந்தால் அளவைக் குறைப்பார்கள், இடைவெளியைக் கூட்டுவார்கள், அல்லது தோலில் ஒட்டும் வலிமருந்தான ஃபென்டனில் ஒட்டுப்பட்டைக்கு மாற்றுவார்கள். சிறுநீர் திடீரென்று குறைந்தாலும் உடனே சொல்லுங்கள். எழுப்ப முடியாமல், மூச்சு நிமிடத்துக்கு 8-க்கும் கீழே போனால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் அப்போதே மருத்துவரை அழையுங்கள்.

மற்றபடி, ஊசி போட்ட மறு காட்சியில் தலை சாய்வது சினிமாவில். சரியான அளவில் கொடுத்த மார்ஃபின் ஆளைக் கொல்வதில்லை; நோய்தான் கொல்கிறது. இறுதி நாட்களில் மூச்சு அரை நிமிடம் நின்று மீண்டும் வரும், தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். விழுங்க முடியாதபோது வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருந்தைத் தோலுக்கடியில் செலுத்த வழியிருக்கிறது. எப்படியும் ஏதோ ஒரு வேளை கடைசி வேளையாகத்தான் இருக்கும். அதைக் கொடுத்தவர் "நான்தான் அனுப்பிவைத்தேன்" என்று வருடக்கணக்கில் குமைவதுண்டு. அதனால் பிள்ளைகள் முறைபோட்டுக் கொடுங்கள்; அத்தையிடமும் ஒருநாள் சிரிஞ்சைக் கொடுங்கள்.

இனி ஏஜெண்டுகள். நோயாளி வீட்டுக்கு வந்த வாசனை எப்படித்தான் எட்டுமோ, 'வீட்டுத் தாதி பேக்கேஜ்' என்று முன்பணம் கேட்டு வந்துவிடுவார்கள். தாதிப் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள். மார்ஃபினை நிறுத்திவிட்டு மூலிகைச் சாறு குடிக்கச் சொல்பவரை வாசலோடு அனுப்புங்கள். செராஸில் இருக்கும் ஹோஸ்பிஸ் மலேசியா என்ற தொண்டு அமைப்பு 1991 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடி வந்து இலவசமாகப் பார்க்கிறது. மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போதே கொடுத்திருக்க வேண்டிய கடிதம் அது, கேட்டால்தான் எழுதுகிறார்கள். அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்காமல், அப்பாவின் அடையாள அட்டையோடு நாளைக்கே மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள்.