சோறு சாப்பிடும் வீட்டில் குளூட்டன் எங்கிருந்து வருகிறது? சீலியாக் கேள்வி-பதில்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. இதுதான் சீலியாக் நோய். வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. நம் பக்கம் மிகவும் குறைவு. அதனாலேயே இங்கே பலருக்கு நோய் தாமதமாகத்தான் தெரிய வருகிறது. உணவியல் ஆலோசகராக எனக்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

எனக்கு வயது 34. எவ்வளவு இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. வயிறு உப்புசமும் உண்டு. ஒரு வீடியோ பார்த்துவிட்டு இரண்டு மாதமாகக் கோதுமையை நிறுத்தியிருக்கிறேன். உப்புசம் குறைந்திருக்கிறது. இனியும் டெஸ்ட் தேவையா? (சேலம் வாசகி)

கட்டாயம் தேவை. ஆனால் இன்றே போய் எடுத்தால் பயனில்லை.

முதலில் செய்வது டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை. சிலருக்கு உடலில் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளே குறைவாக இருக்கும். அவர்களுக்கு நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். அதனால் மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் பெரியவர்களுக்கு எண்டோஸ்கோப்பி செய்து, முன்சிறுகுடலில் சிறு திசு எடுத்து உறுதிப்படுத்துவார்கள். கோதுமையை நிறுத்தியவருக்கு ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இறங்கத் தொடங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். எனவே மருத்துவர் உங்களை மறுபடி கோதுமை சாப்பிடச் சொல்வார். தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை, குறைந்தது 6 வாரம். சிரமம்தான், ஆனால் வேறு வழியில்லை.

உப்புசம் குறைந்ததை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கோதுமையில் ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட்டும் இருக்கிறது. சீலியாக் இல்லாத பலருக்கும் அது வாயுவைக் கிளப்பும். அதே நேரம், இரும்புச்சத்து உறிஞ்சப்படும் இடமும் சீலியாக் முதலில் தாக்கும் இடமும் ஒன்றேதான் என்பதால் உங்கள் சந்தேகத்தைத் தள்ளிவிடவும் முடியாது. மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடிக்க வேண்டிய பத்தியத்தை ஊகத்தில் தொடங்கக் கூடாது.

எங்கள் வீட்டில் மூன்று வேளையும் இட்லி, தோசை, சோறுதான். மகனுக்கு சீலியாக் என்று தெரிந்த பிறகு கோதுமை வீட்டுக்குள் வருவதே இல்லை. ஆனாலும் டிடிஜி அளவு சரியாக இறங்கவில்லையே? (மதுரை வாசகி)

அந்த அளவு இறங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், எனவே முதலில் பதற்றம் வேண்டாம். ஆனால் இன்றே அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காய டப்பாவை எடுத்து, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

பெருங்காயம் ஒரு செடியின் பிசின். அதன் காரம் தாங்காது என்பதால் கருவேலம் பிசின் போன்றவற்றோடு மைதா அல்லது கோதுமை மாவைக் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். கட்டியானாலும் தூளானாலும் இதே கதைதான். சாம்பார், ரசம், மோர், புளியோதரை, ஊறுகாய், இட்லிப் பொடி, அப்பளம் என்று நாம் பெருங்காயம் சேர்க்காத பண்டம் எது? உங்கள் மகனுக்கு ஒவ்வொரு வேளையும் சிறிது சிறிதாகக் குளூட்டன் போய்க்கொண்டிருக்கலாம். அரிசி மாவு கலந்த பெருங்காயம் கடையில் கிடைக்கிறது. அது கிடைக்கும்வரை பூண்டும் சீரகமும் போதும்.

அடுத்தது மாவு மில். பக்கத்து வீட்டுக் கோதுமை அரைபட்ட அதே இயந்திரத்தில்தான் உங்கள் மிளகாய், மல்லி, கேழ்வரகு, இடியாப்ப மாவு எல்லாம் அரைபடுகின்றன. காலையில் முதல் ஆளாகப் போனாலும் நேற்றைய மாவு உள்ளே ஒட்டியிருக்கும். தானியத்தை முழுதாக வாங்கி, கல் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். கடையில் உதிரியாக விற்கும் கடலை மாவு, கம்பு மாவு எல்லாவற்றிலும் இதே ஆபத்து உண்டு. வீட்டு கிரைண்டரில் அரைக்கும் இட்லி மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த இரண்டையும் மாற்றியபின் அடுத்த பரிசோதனையைப் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனையிலும் எண்டோஸ்கோப்பியிலும் சீலியாக் என்று வந்தது. ஆனால் எனக்குத் தொந்தரவே இல்லை. வாரம் ஒரு பரோட்டா சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. தொடரலாமா? (திருப்பூர் வாசகர்)

கூடாது. வயிறு சொல்லாவிட்டாலும் குடல் சிதைந்துகொண்டுதான் இருக்கும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்து போனாலே பாதிப்பு தெரிவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஒரு சாதாரண சப்பாத்தியிலேயே 2 கிராமுக்கு மேல் இருக்கும். அதில் நாற்பதில் ஒரு பங்குதான் அந்த 50 மில்லிகிராம். உங்கள் பரோட்டாவைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். எலும்புத் தேய்மானம், ரத்தசோகை, அரிதாகச் சிறுகுடலில் நிணநீர்ப் புற்றுநோய் வரை போகக்கூடியது இது. எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பேத்திக்கு 6 வயது. அரசுப் பள்ளியில் காலை உணவு கொடுக்கிறார்கள். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படுகிறாள். என்ன செய்வது? (விழுப்புரம் வாசகி)

அம்மா, அவள் ஆசை நியாயமானது. பந்தியிலிருந்து அவளை எழுப்பிவிடாமல், தட்டில் இருப்பதை மட்டும் மாற்றுவோம். ரவை உப்புமா, சேமியா, கோதுமை ரவை போடும் நாட்களில் வீட்டிலிருந்து அரிசி உப்புமாவோ இடியாப்பமோ கொடுத்தனுப்புங்கள். மற்றவர்களோடு உட்கார்ந்தே சாப்பிடட்டும். பொங்கல் நாளில் பொங்கலிலும் சாம்பாரிலும் என்ன பெருங்காயம் போடுகிறார்கள் என்று சமைக்கும் பெண்களிடம் நேரில் கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் நிச்சயம் உதவுவார்கள். மதியச் சத்துணவில் சோறும் முட்டையும் அவளுக்கு நல்லவை. குழம்புக்கு அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

மருத்துவர் கடிதத்தின் ஒரு நகலைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பிறந்தநாளுக்கு யாராவது பிஸ்கட் கொடுத்தால், "எனக்குக் கோதுமை ஆகாது" என்று தானே சொல்ல அவளைப் பழக்குங்கள். கடைச் சத்துமாவிலும் பாலில் கலக்கும் மால்ட் பானங்களிலும் பெரும்பாலும் கோதுமையோ பார்லியோ இருக்கும். அவற்றுக்குப் பதில் வீட்டில் முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு போதும்.

கர்ப்பமாக இருக்கும் மகளுக்குக் கால் வீக்கம். அவளுக்கு சீலியாக் உண்டு. பார்லி கஞ்சி கொடுக்கலாமா? ஓட்ஸ்? (நாகர்கோவில் வாசகி)

பார்லி வேண்டவே வேண்டாம், வடிகட்டிய தண்ணீரும் கூடாது. கால் வீக்கத்துக்கு முதலில் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்திருக்கும். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டது பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. தினை, சாமை, வரகு, குதிரைவாலி இருக்கும்போது ஓட்ஸைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஹோட்டலில் தோசை பாதுகாப்பானதுதானே? (கோவை வாசகர்)

மாவு பாதுகாப்பானது, கல் அப்படியல்ல. ரவா தோசையும் பரோட்டாவும் வெந்த அதே கல்லில்தான் உங்கள் தோசையும் வேகும். ஆவியில் வெந்த சாதா இட்லி, தாளிக்காத தேங்காய்ச் சட்னி, அவித்த முட்டை, வெறும் தயிர், இளநீர், பழம் இவற்றை நம்பலாம். வடை பருப்பில் செய்ததுதான் என்றாலும் சமோசாவும் பூரியும் பொரித்த எண்ணெயில்தான் அதுவும் பொரிந்திருக்கும். கோபி 65, சில்லி சிக்கன் மேல்மாவில் மைதா உண்டு. ஃப்ரைட் ரைஸில் ஊற்றும் சோயா சாஸிலும் கோதுமை உண்டு. பயணம் என்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகச் சொல்வேன்.

தீபாவளிக்கு எந்தப் பலகாரம் சாப்பிடலாம்? (திருச்சி வாசகி)

திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலிலேயே கிண்டுவது. பாதுஷா, சோமாசி, குலாப் ஜாமூன் மூன்றிலும் மைதா, ரவா லட்டில் ரவை. அதிரசம், மைசூர்பாகு, ஜாங்கிரி, எள்ளுருண்டை, கடலை உருண்டை ஆகியவை செய்பொருளில் சரி, ஆனால் வீட்டில் செய்ததாக இருக்கட்டும். வீட்டிலும் முறுக்கை முதலில் பொரித்துவிட்டு, பிறகுதான் அந்த எண்ணெயில் மைதாப் பலகாரங்களைப் போட வேண்டும்.

ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டால் பிறகு கோதுமை சாப்பிடலாம் என்கிறார் ஒருவர். நம்பலாமா? (கும்பகோணம் வாசகர்)

நம்ப வேண்டாம். எந்த மருத்துவ முறையிலும் இதற்கு நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. காரணம் கோதுமைதான் என்பது தெரியவே நெடுநாள் ஆனது. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே 1930-களிலேயே கோதுமையைச் சந்தேகித்தார். 1944-45 குளிர்காலத்தில் போரால் அங்கே பஞ்சம் வந்து, ரொட்டி கிடைக்காமல் போனது. ஊரே பட்டினி கிடந்த நேரத்தில் சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நோயுற்றார்கள். 1950-இல் அவர் தன் ஆய்வேட்டில் இதை நிறுவினார். அன்று கண்ட சிகிச்சைதான் இன்றும்: குளூட்டனை முற்றிலும் விடுவது. விட்டால் குடல் ஆறும், குழந்தைகளுக்கு வேகமாக, பெரியவர்களுக்கு இரண்டு வருடம்வரைகூட ஆகலாம். ஆறிய குடலும் கோதுமையை மறுபடி ஏற்காது.

ஞாயிறு திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்கலாமா? (தூத்துக்குடி வாசகி)

வழக்கமான அப்பம் கோதுமையில் செய்தது, எனவே வாங்கக் கூடாது. குளூட்டன் மிகக் குறைத்த அப்பத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. முற்றிலும் கோதுமையற்ற அப்பத்தை ஏற்பதில்லை. அதுவும் கிடைக்காவிட்டால் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம், அதுவே முழுமையான நற்கருணைதான். ஆனால் குருவின் கிண்ணத்தில் அப்பத்துண்டு ஒன்றைப் போடுவது வழக்கம். உங்களுக்குத் தனிக் கிண்ணம் வைக்கும்படி பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மகளுக்கு 25 வயது, வரன் பார்க்கிறோம். சீலியாக் என்பதை மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா? குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா? (ஈரோடு வாசகி)

சொல்லிவிடுங்கள். நாளை அவள் சாப்பிடப் போவது அந்த வீட்டுச் சமையலறையில். மறைத்துக் கல்யாணம் செய்தால், புது மருமகள் "கொஞ்சம் சாப்பிட்டால் என்ன" என்ற பேச்சுக்குப் பயந்து வாய் திறக்காமல் சாப்பிடுவாள். அப்படி உடம்பைக் கெடுத்துக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

கண்டுபிடிக்காமல் விட்ட சீலியாக்கில்தான் கருத்தரிப்பதில் தாமதமும் கருச்சிதைவும் அதிகம். உணவைச் சரியாகக் கடைப்பிடிப்பவருக்கு அந்தப் பயம் பெரும்பாலும் வேண்டியதில்லை. திருமணத்துக்கு முன்பே இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, தைராய்டு அளவுகளைப் பார்த்துக்கொள்ளட்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் சுமார் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம். எனவே நீங்களும் உங்கள் கணவரும் அவளுடன் பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சீர்வரிசையில் அவளுக்கென்று ஒரு தனி தோசைக்கல், ஒரு வடிதட்டு, ஒரு மரக்கரண்டி, மூடியுள்ள பெருங்காய டப்பா வையுங்கள். புகுந்த வீட்டில் சப்பாத்தி தேய்க்கும்போது மாவு பறக்கும். அவள் சமையலை அதற்கு முன்பே முடித்து மூடிவைத்துவிட வேண்டும் என்பதை மாமியாரிடம் நீங்களே ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.