தூக்கினால் நடுவில் உடையும் விண்கப்பல்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஊட்டியில் நடக்கப்போகும் பள்ளிக் கண்காட்சிக்காக லெகோ கட்டைகளில் ஒரு 'விண்வெளி மருத்துவமனைக் கப்பலை' அவனே யோசித்துக் கட்டுகிறான். இரண்டடி நீளம். வெளியே வெள்ளை, உள்ளே வார்டு, ஆபரேஷன் தியேட்டர், ஆம்புலன்ஸ் ஓடம் வந்து இறங்க ஒரு தளம். மூன்று முறை கட்டிவிட்டான், ஒவ்வொரு முறையும் தூக்கும்போது நடுவில் உடைகிறது. கோவையில் ஒருவர், "உங்கள் கட்டைகள் சரியில்லை, டிசைனோடு சேர்த்து இறக்குமதி கிட் தருகிறேன்" என்று 14,500 ரூபாய் கேட்கிறார். பாதி முன்பணமாம். கொடுக்கலாமா? நான் செவிலியராக இருக்கிறேன், இந்த விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது.
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் மீதியையாவது நிறுத்துங்கள். உங்கள் மகனின் கட்டைகளில் பெரிய கோளாறு எதுவும் இருக்காது. கப்பலுக்கு முதுகெலும்பு இல்லை, அதுதான் விஷயம். கிட் விற்கிறவர் அதை உங்களுக்குச் சொல்ல மாட்டார். சொன்னால் கிட் விற்காது.

குன்னூரில் என்னிடம் சனிக்கிழமை வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு பையன் ஒன்றரை அடிக் கப்பலைக் கொண்டு வந்தான். பார்க்க அவ்வளவு அழகு. மேஜையில் வைக்கப் போனவன் ஒரு கையால் மூக்கைப் பிடித்துத் தூக்கினான். வர்க்கியைப் பிட்டால் எப்படி அடுக்கடுக்காகப் பிரியுமோ, அப்படிப் பிரிந்தது. கீழே விழுந்ததை எடுத்துப் பார்த்தேன். ஒரு கட்டைகூட உடையவில்லை. எல்லாம் தட்டையான பிளேட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, சேரும் இடங்கள் எல்லாம் ஒரே கோட்டில். உங்கள் மகனும் இதே தவறைத்தான் செய்திருப்பான் என்று நினைக்கிறேன்.

ஏன் என்று புரிய ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கையாகப் பிடித்து அழுத்தினால் வளைகிறது. நிமிர்த்திப் பிடித்து அழுத்தினால் வளையாது. அதே பிளாஸ்டிக், அதே எடை. பாரம் தாங்குவது நிற்கும் உயரத்தைப் பொறுத்தது. உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு கூடும். லெகோவில் ஒரு பிளேட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர். இரண்டு பிளேட் தரை போட்டால் 6.4. அதுதான் படுத்த ஸ்கேல். அதன் மேல் வார்டும் தியேட்டரும் எஞ்சினும் ஏற்றினால் தாங்குமா?

சரி, என்ன செய்ய வேண்டும்? பிளேட்டைவிட உயரமான கட்டைதான் பிரிக். பக்கவாட்டில் துளை உள்ள பிரிக்குகள் இருக்கின்றன, டெக்னிக் பிரிக் என்பார்கள். அவைதான் எலும்பு. ஒரு வரிசை டெக்னிக் பிரிக், அதன் மேல் இரண்டு பிளேட், அதன் மேல் மறுபடி ஒரு வரிசை டெக்னிக் பிரிக். இந்த இரண்டு பிளேட் கணக்கை மட்டும் மாற்ற வேண்டாம். பிரிக் உயரம் 9.6 மில்லிமீட்டர், இரண்டு பிளேட் 6.4, மொத்தம் 16. கட்டையின் தலையில் இருக்கும் புடைப்புதான் குமிழ், குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8. அதாவது மேல் வரிசைத் துளைக்கும் கீழ் வரிசைத் துளைக்கும் சரியாக இரண்டு குமிழ் தூரம். மூன்று துளை உள்ள சின்ன பீம் (குமிழ் இல்லாத சட்டம்) ஒன்றைச் செங்குத்தாக வைத்து, மேலே ஒரு பின் (துளைக்குள் இறங்கும் முளை), கீழே ஒரு பின் குத்தினால் கச்சிதமாக உட்காரும். அதற்குப் பிறகு மேல் வரிசை கீழ் வரிசையை விட்டுப் பிரிய வழியே இல்லை. குமிழின் பிடிப்பை மட்டும் நம்பி நின்ற கப்பல் இப்போது பின்னில் நிற்கும்.

இரண்டடி என்பது ஏறக்குறைய 76 குமிழ், கணக்குக்கு 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் வரிசையில் 16 குமிழ் நீளப் பிரிக் ஐந்து, மேல் வரிசையில் ஓரத்துக்கு ஒன்றாக 8 குமிழ் இரண்டு, நடுவில் 16 குமிழ் நான்கு. அப்படி வைத்தால் மேல் சந்து, அதாவது இரண்டு பிரிக் சேரும் இடம், கீழ் சந்தின் மேல் வராது. செங்கல் சுவர் கட்டும் கொத்தனார் செய்கிற அதே வேலை. இப்படி இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. நடுவில் போகும் பிளேட்டுகள் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கட்டும், அவற்றின் சந்துகளும் ஒரே கோட்டில் வரக்கூடாது. செங்குத்துப் பீம் பக்கத்துக்குப் பத்து, சந்துகளின் இரண்டு பக்கமும் வருகிற மாதிரி. ஆக நாற்பது பின் வேண்டும். கறுப்புப் பின் வாங்குங்கள், அது இறுக்கமாகப் பிடிக்கும். சாம்பல் நிறப் பின் சுற்றுவதற்காகச் செய்தது, இங்கே உதவாது. பசை மட்டும் போடவே போடாதீர்கள்.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியை மகனுக்குக் காட்டுங்கள், படத்திலாவது. 1970-ல் கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அவ்வளவு நீளத்தை 24 சட்டங்கள் வரிசையாக நின்று தாங்குகின்றன. சரிவே பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிற ஒரு மலையைத் தேடித்தான் அதை அங்கே வைத்தார்கள். நீளமான ஒன்றை எப்படித் தாங்க வேண்டும் என்பதற்கு நம் மலையிலேயே அதைவிட நல்ல பாடம் இல்லை. எந்த யூடியூப் வீடியோவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இனி அந்தக் கோவைக்காரர் விஷயம். இப்படிப்பட்டவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இவர்கள் எண்ணிக்கையைச் சொல்லி விற்பார்கள். 'ஆயிரத்து இருநூறு பீஸ்' என்பார்கள். திறந்து பார்த்தால் பாதி ஒரு குமிழ் பொடிசுகள். டிசைன் என்று தனியாகக் காசு கேட்பார்கள். ஸ்டூடியோ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, பிரிக்லிங்க் என்ற லெகோ கட்டை இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும். கப்பலைத் திரையில் கட்டிப் பார்த்தால் என்னென்ன கட்டை எத்தனை வேண்டும் என்று அதுவே பட்டியல் போட்டுத் தரும். எட்டாம் வகுப்புப் பையன் இரண்டு வாரத்தில் பழகிவிடுவான். அதற்குப் போய் யாராவது காசு கொடுப்பார்களா? ஆனால் கொடுக்கிறார்கள். என்னிடம் வந்து சொல்லி வருத்தப்பட்ட பெற்றோர் ஒருவர் இருவர் இல்லை.

இன்னொரு வகை, கிலோ கணக்கில் பழைய கட்டைகள் விற்பவர்கள். பல் பட்டது, வெயிலில் மஞ்சளாகிப் போனது, யாருடையது என்றே தெரியாதது எல்லாம் ஒரே பையில் இருக்கும். வெள்ளைக் கப்பலுக்கு மஞ்சளான கட்டை எப்படிப் பொருந்தும்? அந்தப் பக்கமே போகாதீர்கள்.

'இறக்குமதி' என்று அவர் சொன்னால் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு நம் நாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உதிரியாகப் பாலிதீன் பையில் போட்டுக் கொடுப்பதில் முத்திரை ஏது? 'ஒரிஜினல்' என்று வாயால் சொல்வதை நம்பி ஏழாயிரம் ரூபாயை ஜிபேயில் அனுப்பக்கூடாது.

இதில் அரசாங்கத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பொம்மைகளுக்கு இறக்குமதி வரி 20 சதவீதமாக இருந்தது. 2020-ல் 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றத்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பொம்மையின் உதிரிப் பாகங்களையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கன்டெய்னர் நிறையப் பொம்மை இறக்குகிறவரும் நாற்பது பின் வாங்குகிற பள்ளிப் பையனும் ஒன்றா? பின்களும் கீல்களும் மட்டும் இருந்த என் பார்சல் ஒன்று ஏழு வாரம் ஒரு கூரியர் நிறுவனத்தின் கிடங்கில் கிடந்தது. கடைசியில் பொருளின் விலையைவிட அதிகமாகக் கட்டணம் கேட்டார்கள். கேள்வி கேட்க ஒரு ஆள் கிடையாது, ஒரு நம்பர்தான், அதில் பாட்டுதான் ஓடும். இந்த ஓட்டையில்தான் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள். ஒரு பையன் நாற்பது பின்னை நேர்வழியில் சுலபமாக வாங்க முடிந்தால் இவர்களுக்கு வேலையே இருக்காது. ஆகவே வெளிநாட்டில் இருந்து வரவழைக்க வேண்டாம். இணையத்தில் தேடிப் பாருங்கள். இந்தியாவுக்குள் இருக்கும் விற்பனையாளரிடம் எலும்புக்கான கட்டைகளை மட்டும் வாங்குங்கள். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதே போதும்.

அப்படித் தேடியும் கிடைக்கவில்லை என்றால்? இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு போய்க் கெடுத்துக்கொள்கிறார்கள். எலும்பில் வேறு கம்பெனிக் கட்டை கலக்கக்கூடாது என்பது விதி. ஆனால் முழு எலும்பும் ஒரே மாற்றுக் கம்பெனியின் கட்டையாக இருந்தால் பரவாயில்லை. முழு எலும்பு என்றால் பிரிக், நடுப் பிளேட், பீம், பின் எல்லாம். ஒரே பெட்டியில் இருந்து எடுத்தால் இன்னும் நல்லது. பாதி அது பாதி இது என்பதுதான் ஆபத்து. வாங்கியதும் பத்துப் பிரிக்கை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேல் குமிழை விட்டுவிட்டு அளந்தால் 96 மில்லிமீட்டர் வர வேண்டும். பக்கத்தில் லெகோ கட்டை பத்தை அடுக்கி வைத்துக் கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் தெரிந்தாலும் அந்தக் கட்டையின் மேல் லெகோ வார்டைக் கட்டினால் பல் பொருந்தாமல் ஓரம் தூக்கும். அப்புறம் ஒரு பின்னை அதே துளையில் பத்து முறை குத்தி எடுங்கள். துளை ஓரம் வெளுத்துக் கோடு விட்டால் அந்தப் பிளாஸ்டிக் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த இரண்டு சோதனையிலும் தேறினால் தைரியமாகப் பயன்படுத்தலாம். தோலுக்கு, அதாவது வெளி வெள்ளைச் சுவருக்கு, பாரம் கிடையாது. அங்கே எந்தக் கட்டையும் போகலாம், நிறம் மட்டும் ஒத்துப்போனால் போதும்.

மருத்துவமனை விஷயத்தில் என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும், தயவுசெய்து மகனோடு உட்காருங்கள். பிள்ளைகள் எல்லாரும் தியேட்டரில் விளக்கு வைப்பார்கள், ஸ்ட்ரெச்சர் திரும்ப இடம் விட மாட்டார்கள். லெகோ பொம்மைக்கு 2 குமிழ் அகலம், 6 குமிழ் நீளம் உள்ள கட்டில் சரியாக இருக்கும். அதை நின்ற இடத்தில் திருப்ப 6 குமிழ் அகல நடைபாதை போதாது. மூலைக்கு மூலை ஆறைவிடக் கொஞ்சம் அதிகம் வரும், ஆகவே 7 விட வேண்டும். நோயாளியை ஏற்றுகிற கதவில் இருந்து தியேட்டர் வரை அந்தக் கட்டிலை விரலால் தள்ளிக்கொண்டு போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே சுவரை நகர்த்தட்டும். தொற்று நோயாளிகளுக்குத் தனி அறை, அதற்கு இரண்டு கதவு என்றெல்லாம் நீங்கள் சொன்னால் அவன் கப்பல் மற்றக் கப்பல்களைப் போல இருக்காது.

வெளியே பெரிதாகச் செஞ்சிலுவை போட வேண்டாம். தரகர்கள் அந்த ஸ்டிக்கரையும் சேர்த்து விற்கிறார்கள். 1960-ம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்தக்கூடாது. போர்க்களத்தில் 'இவர்களைச் சுடாதே' என்று சொல்வதற்கான சின்னம் அது. டாக்டர்கள் காரிலேயே ஒட்டிக்கொண்டு போகிறார்கள், யாரும் தடுப்பதில்லை, அது வேறு கதை. பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை வைக்கலாம், முதலுதவிக்கு உலகம் முழுக்க அதுதான். ஸ்டிக்கர் இல்லாமல் கட்டையிலேயே அமைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஸ்டிக்கர் ஓரம் சுருண்டுவிடும்.

கோத்தகிரியில் இருந்து ஊட்டிக்குப் பஸ்ஸில் கொண்டு போவீர்கள் என்றால் முழுக் கப்பலாகக் கொண்டு போகாதீர்கள். பின்களைக் கழற்றினால் எலும்பு மூன்று துண்டாகப் பிரிகிற மாதிரி அமைத்து, பழைய தேயிலைப் பெட்டியில் துணி சுற்றி நிமிர்த்தி வையுங்கள். வளைவுகளில் படுக்கையாக இருந்தால் குலுங்கிக் குலுங்கிச் சந்து விடும். நவம்பரில் உங்கள் பக்கம் மழை அதிகம், அட்டைப் பெட்டியில் வைத்துப் பூஞ்சை பிடிக்க விடாதீர்கள்.

முதலில் எலும்பு மட்டும் கட்டட்டும். இரண்டு முனையையும் இரண்டு புத்தக அடுக்கின் மேல் வைத்து, நடுவில் ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வையுங்கள். பத்து நிமிடம். நடுப்பகுதி தொங்கினால் எந்தச் சந்தில் வாய் திறக்கிறது என்று பக்கவாட்டில் இருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். தொங்கவில்லை என்றால் அன்றைக்கே வார்டைக் கட்டத் தொடங்கலாம்.