போர் தண்ணீரா, கார்ப்பரேஷன் தண்ணீரா? – வெந்நீர்க் கேள்விகளுக்குப் பதில்கள்

மார்கழி நெருங்குகிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கீசர், சோலார் பற்றியவைதான். அதனால் இந்த வாரம் முழுக்க வெந்நீர். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

வீட்டில் நாலு பேர். 25 லிட்டர் கீசர் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. புது ஃபைவ் ஸ்டார் மாற்றினால் கரண்ட் பில் பாதியாகும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?
– வாசகி, திருநகர்

பாதியாகாது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 1.16 வாட்-மணி மின்சாரம் வேண்டும். கீசர் பழசோ புதுசோ, அது மாறாது. நம்மூர்த் தொட்டித் தண்ணீர் 27 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க 42 டிகிரி போதும். ஆயிரம் வாட்-மணிதான் ஒரு யூனிட். 15 லிட்டர் வாளி ஒன்றுக்குக் கால் யூனிட் சொச்சம் ஆகும். நாலு பேருக்கு ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு அறுபது யூனிட்டை ஒட்டி வரும். இதில் ஒரு யூனிட்டைக்கூட ஸ்டார் குறைக்காது.

அப்படியானால் ஸ்டார் எதற்கு? சூடான தண்ணீர் டாங்கில் சும்மா நிற்கும்போது எவ்வளவு சூடு வெளியே போகிறது என்பதை அளந்துதான் கீசருக்கு ஸ்டார் கொடுக்கிறார்கள். சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்துபோகிற வீட்டில் அது பெரிய வித்தியாசம். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போட்டு, குளித்ததும் அணைக்கிற வீட்டில் சின்ன வித்தியாசம். உங்கள் வீடு எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

டாங்க் ஒழுகவில்லை, தண்ணீரில் துரு வரவில்லை என்றால் அதையே ஓட்டுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் 15 லிட்டர் போதும். 60 டிகிரிக்குச் சூடான 15 லிட்டரை விளாவினால் இரண்டு வாளிக்கு மேல் வரும். 2000 வாட்டில் அடுத்த இரண்டு வாளிக்குக் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தால் போதும். அப்போது ஃபைவ் ஸ்டாரே வாங்குங்கள். லேபிளில் எந்த ஆண்டு வரை செல்லும் என்று போட்டிருக்கும், அதையும் பாருங்கள். பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டுவது நடக்கிறது.

உங்கள் ஈபி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை கிடைக்கிற சலுகை விலையும் போய்விடும். நீங்கள் 490, 510 என்று விளிம்பில் இருக்கிற வீடு என்றால், மறந்து ஓடுகிற கீசர்தான் உங்களைத் தள்ளிவிடுகிறது.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைத்திருக்கிறோம். ஜன்னல் இல்லை. குளித்து வந்தால் மகளுக்குத் தலை சுற்றுகிறது. பர்னரைச் சுத்தம் செய்தால் சரியாகுமா?
– வாசகர், மேலூர்

இன்றே நிறுத்துங்கள். அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். மகளை டாக்டரிடம் காட்டுங்கள். கீசரை வெளிச்சுவருக்கு மாற்றிய பிறகுதான் அடுத்த குளியல்.

இன்ஸ்டன்ட் கீசர், 3 லிட்டர், 3000 வாட். பாத்ரூமில் பிளக் பாயின்ட் இல்லாததால் ஹாலில் இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்தோம். பாக்ஸ் உருகிவிட்டது. வாரண்டியில் மாற்றித் தருவார்களா?
– வாசகர், வில்லாபுரம்

தரமாட்டார்கள், தரவும் கூடாது. 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். செல்போன் சார்ஜ் போடுகிற 6 ஆம்பியர் பாக்ஸில் அதைச் செருகி, ஈரத் தரை வழியாக வயரை இழுத்திருக்கிறீர்கள். வீட்டில் இரண்டு குழந்தைகள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாக்ஸ் போனதைப் பற்றிக் கேட்கிறீர்களே! 16 ஆம்பியர் பாயின்ட்டுக்குத் தனி வயர், சரியான எர்த், கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் – இந்த மூன்றும் போட்டு முடிக்கும்வரை அடுப்பில் வெந்நீர் வையுங்கள். வாங்கும் முன் வீட்டில் பாயின்ட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

இரண்டு வருடத்தில் மூன்று முறை காயில் போய்விட்டது. கம்பெனி ஆள் வந்து பேனா மாதிரி ஒன்றைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து, "உப்புத் தண்ணி, வாரண்டி கிடையாது" என்கிறார். வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.
– வாசகர், அனுப்பானடி

இதைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் ஆற்றாமை தீராது. எனக்கும் இதுவேதான் நடந்தது. ஆடித் தள்ளுபடியில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் 25 லிட்டர் கீசர் வாங்கினேன். டாங்குக்கு ஏழு வருட வாரண்டி என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பதினாலாவது மாதம் அடியில் சொட்ட ஆரம்பித்தது. வந்தவர் அதே பேனாவை எடுத்தார், அதே வார்த்தையைச் சொன்னார். வாரண்டி அட்டையைத் திருப்பினேன். கண்ணாடி போட்டும் படிக்க முடியாத பொடி எழுத்தில் தண்ணீர் பற்றி ஒரு வரி இருந்தது.

கீசரை இறக்கிப் பிரித்துக் காட்டச் சொன்னேன். காயில், சுண்ணாம்பில் முக்கி எடுத்த முருங்கைக்காய் மாதிரி இருந்தது. டாங்கின் அடியில் இருந்து முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டதுபோல் இரண்டு கை நிறைய வெள்ளைப் பொருக்கு வந்தது. போர் தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்து சூடுபட்டால் பிரிந்து படியும். எது அதிகச் சூடோ அதன்மேல் முதலில் படியும், அதாவது காயிலின் மேல். அப்புறம் காயில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து போகிறது. வெந்நீர் தாமதமாக வருகிறது, கரண்ட் கூடுகிறது, கடைசியில் காயில் போகிறது. ஸ்டார் லேபிளில் இதெல்லாம் வராது.

டாங்குக்குள் மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். அனோடு ராடு என்பார்கள். டாங்கின் இரும்பை அரிக்கவேண்டிய தண்ணீர், முதலில் இந்தத் தண்டை அரிக்கும். தண்டு கரைந்து தீர்ந்துவிட்டால் அடுத்தது டாங்க்தான். உப்புத் தண்ணீர் வீட்டில் வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்கவேண்டும். டாங்கோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு. இதை எனக்கு விற்றவர் சொல்லவில்லை, மாட்டியவரும் சொல்லவில்லை. டாங்க் போன பிறகு, பழைய இரும்பு எடுக்க வந்தவர் சொன்னார்.

மதுரையில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் வருகிறது. கீசர் விற்கிற ஒவ்வொரு கடைக்காரரும் எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன்னால் "போர் தண்ணியா, கார்ப்பரேஷன் தண்ணியா?" என்று கேட்கவேண்டும். வாடிக்கையாளரின் தண்ணீருக்குப் பொருந்தாத வாரண்டியைக் காட்டி விற்பது ஏமாற்றுதான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

நீங்கள் செய்யவேண்டியது: பில்லையும் மூன்று சர்வீஸ் ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். எந்த அளவுக்கு மேல் வாரண்டி கிடையாது, அது எங்கே எழுதியிருக்கிறது என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பேனா மொத்த உப்பைக் காட்டும், கடினத்தன்மையை, அதாவது சுண்ணாம்புச் சத்தை, தனியாகக் காட்டாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கை வாங்குங்கள். கம்பெனி சொல்கிற அளவுக்குள் உங்கள் தண்ணீர் இருந்தால் விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள்.

பென்ஷன்காரி நான். சோலார் வெந்நீருக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது என்று ஒருவர் நோட்டீஸ் காட்டினார். முன்பணம் 12,000 ஜிபேயில் அனுப்பினேன். ஒரு மாதமாகப் போன் எடுக்கவில்லை. என் முட்டாள்தனம்தான்.
– வாசகி, உசிலம்பட்டி

அம்மா, அந்த வார்த்தை வேண்டாம். தவறு உங்களுடையது அல்ல. உண்மையான திட்டத்தின் பெயரையும் உண்மையான தொகையையும் சொல்லி ஏமாற்றியிருக்கிறார். 2024-இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் அது மொட்டைமாடியில் மின்சாரம் தயாரிக்கிற பேனலுக்கு. வெந்நீர் சோலாருக்கு இல்லை. அந்த மானியமும் பேனல் மாட்டி முடித்த பிறகு நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்.

முதலில் 1930-க்குப் போன் செய்யுங்கள். பண மோசடிக்கான எண் அது. ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். ஜிபே பரிவர்த்தனை எண்ணைப் பேரனை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். அந்த எண், நோட்டீஸ், அவர் பேசிய போன் நம்பர் மூன்றையும் வைத்துக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நோட்டீஸில் கடைப் பெயர், முகவரி இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும், அவ்வளவுதான். எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். நான் எழுதித் தருகிறேன்.

தம்பி கடையில் வாங்கினோம், பில் கேட்கக் கூச்சமாக இருந்தது. இப்போது ரிப்பேர்.
– வாசகர், செல்லூர்

பில் இல்லையென்றால் வாங்கியதற்குச் சாட்சியே இல்லை. தம்பியிடம் இப்போதாவது கேளுங்கள்.

200 லிட்டர் சோலார் போட்டோம். மாடியில் தண்ணீர் கொதிக்கிறது. கீழ் பாத்ரூமில் குழாயைத் திறந்தால் ரொம்ப நேரம் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது.
– வாசகி, ஒத்தக்கடை

சோலாரில் குறை இல்லை, பைப்பில் இருக்கிறது. முக்கால் இஞ்ச் பைப் 15 மீட்டர் ஓடினால் அதற்குள்ளேயே நாலு லிட்டர் ஆறிப்போய் நிற்கும். ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிய பிறகுதான் சூடு வரும். பைப், வெந்நீர் தாங்குகிற சிபிவிசி பிளாஸ்டிக்தானா, மேலே இன்சுலேஷன் உறை இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டைமாடியில் வெறும் பைப்பாக ஓடினால் காலைப் பனியில் இன்னும் மோசம். முதலில் வருகிற பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து, வெந்நீரை விளாவ அதையே ஊற்றுங்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்கிறோம்.

மாட்டுவதற்கு முன் இதைப் படிக்கிறவர்களுக்கு: சோலார் தெற்கு பார்த்து இருக்கவேண்டும், நிழல் கூடாது. எனக்கு மாட்டியவர் படிக்கட்டு அறைச் சுவரை ஒட்டி வைத்துவிட்டுப் போனார். மூன்று மணிக்கெல்லாம் நிழல் விழுந்தது. இடம் மாற்ற இன்னொரு முறை பிளம்பர் கூலி கொடுத்தேன். உப்புத் தண்ணீர் வீடு என்றால் கண்ணாடிக் குழாய் வகைதான் நல்லது. தட்டை வகையில் மெல்லிய செம்புக் குழாய்கள் சுண்ணாம்பில் அடைத்துக்கொள்ளும்.

ஹீட் பம்ப் வீட்டுக்கு வாங்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளுகிறது. இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் சூடு கிடைக்கும். நம்மூர்க் காற்றுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நாலு வாளிக்கு நாளொன்றுக்கு முக்கால் யூனிட்கூட மிச்சமாகாது. போட்ட பணம் எப்போது திரும்பும்? ஹாஸ்டலோ லாட்ஜோ நடத்துகிறீர்கள் என்றால் கண்டிப்பாக விலை கேளுங்கள்.

புது கீசருக்கு எக்ஸ்சேஞ்சாக அம்மாவின் செம்புத் தவலையை 500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகக் கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, வாடிப்பட்டி

கொடுக்காதீர்கள். செம்பு கிலோக் கணக்கில் விலை போகிறது. அந்தக் காலத்துத் தவலை வெறுங்கையில் தூக்கினாலே கனம் தெரியும். நாளைக் காலையில் தெருமுனை அரிசிக் கடைத் தராசில் ஏற்றி எடை பாருங்கள். அதன் பிறகும் விற்கத் தோன்றினால், பாத்திரக் கடையில் விலை கேளுங்கள்.