டிக்கெட் போடுவதும் நான்தான், கேன்சல் பண்ணுவதும் நான்தான்: கேள்வி பதில்

காரைக்குடியில் மனநல ஆலோசனை பார்க்கிறவள் என்பதால் இந்த ஞாயிறு என்னைப் பதில் சொல்ல உட்கார வைத்திருக்கிறார்கள். மனசு ஒன்று சொல்ல, கையும் காலும் வேறொன்று செய்வது ஏன் என்பதுதான் தலைப்பு. பெயர் வேண்டாம், ஊர் போதும்.

தேவகோட்டை, இப்போது பெங்களூரு: அக்கா, பெரிய வீட்டில் எங்களுக்கு ஒரு பங்கு. விற்கலாம் என்று பங்காளிகள் எல்லாரும் பேசி முடித்தாயிற்று, எனக்கும் சம்மதம்தான். ஆனால் கையெழுத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் ஏதாவது காரணம் வந்து டிக்கெட்டை கேன்சல் பண்ணிவிடுகிறேன். சோம்பேறித்தனமா?

சோம்பேறி டிக்கெட்டே போடமாட்டான் தம்பி. ஒரே விஷயத்தின் மேல் ஆசையும் பயமும் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நீல் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940களில் விளக்கினார். தூரத்தில் இருக்கும்போது ஆசை ஜெயிக்கிறது. கிட்டே போகப் போக இரண்டுமே கூடும், ஆனால் பயம் இன்னும் வேகமாக ஏறும், அதனால் பாதி வழியில் நின்று முன்னும் பின்னும் அல்லாட்டம். அதாவது பெங்களூரில் இருக்கும்வரை நீங்கள் விற்கத் தயார், முகப்புத் திண்ணை கண்ணுக்குள் வந்ததும் தயாரில்லை. ஒரு தடவை பத்திரப் பேச்சே இல்லாமல் வந்து தங்குங்கள். வலிப்பது எது என்று பாருங்கள்: வீடா, அப்பத்தா புழங்கிய இரண்டாம் கட்டா, இல்லை 'விற்றுத் தின்றவன்' என்று ஊர் சொல்லுமோ என்பதா? ஊர்ப்பேச்சுதான் என்றால், கல்யாணம் காட்சிக்கு மட்டும் திறக்கிற அந்த வீட்டுக்கு ஓடு மாற்ற ஊர் காசு கொடுக்கப்போவதில்லை. அப்பத்தாதான் என்றால் அழுதுவிட்டுக் கையெழுத்துப் போடலாம், அழுதுவிட்டுப் போடாமலும் இருக்கலாம். காரணம் தெரிந்து செய்யுங்கள், அவ்வளவுதான்.

காரைக்குடி: மூன்று வாரமாகத் தூக்கமில்லை, எதற்கு இருக்கணும் என்று தோன்றுகிறது. இதுவும் மனப்போராட்டம்தானா?

பின்னால் வந்த கேள்வி, முன்னால் எடுக்கிறேன். இதை இங்கே வைத்து அலச வேண்டாம். இப்போதே 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண் அது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. வீட்டில் ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லிவிட்டு நாளைக்கு மனநல மருத்துவரைப் பாருங்கள். எனக்கும் தனியாக எழுதுங்கள்.

புதுவயல்: மாமியார் எது கேட்டாலும் சரி என்றுவிடுவேன். எனக்குக் கோபமே வராது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் சாயங்காலம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன்.

காலையில் வந்த கோபம்தான் சாயங்காலம் இறங்குகிறது, திருப்பிக் கேட்க முடியாத ஆள் மேல். சண்டை போடச் சொல்லவில்லை. இந்த வாரம் ஒரே ஒரு 'சரி'க்குப் பதிலாக 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை ஒரே கூரைக்குள் தனி அடுப்பு கொடுத்து வேறு வைத்தார்களே, அது சும்மா வந்த வழக்கமா?

காரைக்குடி, கல்லூரி மாணவன்: அப்பா சொன்னார் என்று இன்ஜினியரிங் சேர்ந்தேன். இப்போது எனக்கே பிடித்திருக்கிறது. இல்லை, பிடித்திருக்கிறது என்று என்னையே ஏமாற்றிக்கொள்கிறேனா?

நல்ல கேள்வி. 1959-இல் ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்குப் படு சலிப்பான வேலை ஒன்றைக் கொடுத்து, அடுத்து வருகிறவரிடம் 'சுவாரசியமாக இருந்தது' என்று சொல்லச் சொன்னார்கள். அதற்கு 20 டாலர் வாங்கியவர்கள் பிறகு கேட்டபோது சலிப்புதான் என்றார்கள், 1 டாலர் வாங்கியவர்களோ நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். பணத்துக்காகச் சொன்னேன் என்று சமாதானம் சொல்ல வழியில்லாதபோது மனசு தன் கருத்தையே மாற்றிக்கொள்ளும் என்பது அவர்கள் விளக்கம். உங்கள் அப்பா அடித்து உருட்டியிருந்தால் பிடிக்கவில்லை என்று சொல்வது சுலபம். அன்பாக ஒரு வார்த்தை சொல்லி நீங்களே தலையாட்டியதால் பிடித்தே ஆகவேண்டியதாகிவிட்டதோ என்னவோ. பரீட்சைக்கு வராத பகுதியை எப்போதாவது நீங்களாக எடுத்துப் பார்க்கிறீர்களா? ஆமாம் என்றால் விடுங்கள், பழகிப் பிடித்ததும் பிடித்ததுதான்.

ஊர் வேண்டாம், ஆண், 56: பெரியப்பா வீட்டுக்குச் சிறு வயதில் சுவீகாரம் போனவன் நான். பெற்றவரைச் சித்தப்பா என்றே கூப்பிட்டு வளர்ந்தேன். இப்போது அவர் படுக்கையில். போய்ப் பார்க்கும்போதெல்லாம் கோபம், வெளியே வந்ததும் வெட்கம். பாசமில்லையோ?

அண்ணே, பாசமில்லாத இடத்தில் இவ்வளவு கோபம் நிற்காது. கல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர போஸ், ஒவ்வொரு ஆசைக்கும் எதிராசை ஒன்று உள்ளே இருக்கிறது என்று அந்தத் துறையைத் தொடங்கிய ஃப்ராய்டுக்கே எழுதிய ஆள். இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளப் பார்ப்பதால்தான் நீங்கள் களைத்துப் போகிறீர்கள். 'கொடுத்துவிட்டாரே' என்கிற சிறுவனும் நீங்கள்தான், பழம் வாங்கிக்கொண்டு போகிறவரும் நீங்கள்தான். இந்தக் கோபம் வளர்த்தவர்களுக்குச் செய்கிற துரோகமும் ஆகாது. தினம் 15 நிமிஷம், 4 நாள், யாருக்கும் காட்டாமல் எழுதுங்கள். பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் சோதித்த முறை, எழுதியதும் மனசு கனக்கும், அது எதிர்பார்க்கிறதுதான், தாங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அப்புறம், 'ஏன் என்னை?' என்று அவரிடம் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். ஆனால் 'சமயம் வரவில்லை' என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். கேட்காமல் விட்டால், விட்டது நீங்கள்தான்.

பள்ளத்தூர்: பிரஷருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். டிவி முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் தெரியாமலே கை சீப்புச்சீடை டப்பாவுக்குப் போகிறது, அம்மா.

டப்பாவை மருமகளிடம் கொடுத்துவிடுங்கள் ஐயா. கேட்டு வாங்கித் தின்பதென்றால் தெரிந்துதான் தின்பீர்கள்.