‘அபியா’வை ‘இருந்தேன்’ என்று படியுங்கள்

தம்பி, மத்ரீத் வந்து ஆறு மாதமாகிறது, ஸ்பானிஷ் வகுப்பில் புளுஸ்குவாம்பெர்ஃபெக்தோ (நடந்துபோன ஒன்றுக்கும் முன்பே முடிந்துவிட்டதைச் சொல்லும் வினைவடிவம்) தொடங்கியதும் தலை சுற்றுகிறது, இது இல்லாமல் பிழைக்க முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். ‘கேட்டிருந்தீர்கள்’ என்று எழுதினேனே, அதுதான் அது!

பிழைக்கலாம். குடியுரிமைக்குக் கேட்கும் டெலே ஏ2 தேர்வுக்கு இது வேண்டாம், அதற்கு அடுத்த படியான பி1 பாடத்தில்தான் வரும். ஆனால் இது தெரியாமல் நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். வந்த புதிதில் குழாய் ஒழுகியது. வீட்டுக்கார அம்மா பிளம்பரை அனுப்பினார். நான் வேலைக்குப் போன பிறகு அவர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். அதைச் சொல்வதாக நினைத்து, “பிளம்பர் வந்தபோது நான் சாலி” என்றேன். சாலி என்றால் வெளியே போனேன். ஆளைப் பார்த்ததும் நான் நழுவிவிட்டேன் என்று அந்த அம்மா எடுத்துக்கொண்டார். “யா அபியா சாலிதோ”, ஏற்கெனவே போயிருந்தேன், என்று சொல்லியிருக்க வேண்டும்.

‘போயிருந்தேன்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘போய்’ இருக்கும் இடத்தில் சாலிதோ, ‘இருந்தேன்’ இருக்கும் இடத்தில் அபியா. வரிசைதான் தலைகீழ். அபியாவின் மூலவினையான அபேரை ஆங்கில ‘ஹேவ்’ ஆக நினைத்தால் தெனேரோடு குழப்பிக்கொள்வீர்கள். தெனேர் கையில் வைத்திருப்பதற்கு. நம் ‘இரு’தான் இதற்குப் பொருத்தம். “அபியா முச்சா ஹெந்தே” என்றால் நிறையக் கூட்டம் இருந்தது. அங்கேயும் அதே அபியா!

நான், நீ, நாங்கள், அவர்கள் என்பதற்கு அபியா, அபியாஸ், அபியாமோஸ், அபியான். அவனுக்கும் அவளுக்கும்கூட அபியாதான், அதனால் குழப்பம் வரும் இடத்தில் ‘நான்’ என்னும் ‘யோ’வைச் சேர்த்துவிடுங்கள். அபியாவுக்கு அடுத்து வரும் சாலிதோ போன்ற சொல் ஆண் பெண் பார்த்து மாறாது. பெரும்பாலும் ஆதோ, இதோ என்று முடியும். எச்சோ (செய்து), திச்சோ (சொல்லி), பிஸ்தோ (பார்த்து), எஸ்கிரீதோ (எழுதி) போல அடங்காதவை சில உண்டு, மனப்பாடம்தான் வழி. இரண்டுக்கும் நடுவே ‘யா’, ‘நோ’ எதையும் நுழைக்காதீர்கள், முன்னால் வையுங்கள்.

அப்புறம் ஒன்று, இது நம் வழக்கத்தில் இல்லாதது. யாராவது புதுப் பலகாரம் கொடுத்தால், வாயில் இருக்கும்போதே இங்குள்ளவர்கள் “நுங்கா அபியா புரொபாதோ எஸ்தோ” என்பார்கள், அதாவது ‘இதைச் சாப்பிட்டிருந்ததே இல்லை’. நாம் ‘இதைச் சாப்பிட்டதே இல்லை’ என்போம். இந்த வாரம் பக்கத்து வீட்டில் ஏதாவது நீட்டினால் சொல்லிப் பாருங்கள், இன்னொன்று கிடைக்கும்.